மூக்குக்கு ஒரு பாஸ்போர்ட்

திருப்பூரில் 'ஃபேர்' என்று சொன்னால் பேக்கரியில் டீ ஆற்றுகிறவருக்கும் புரியும். லாஸ் வேகாஸில் மேஜிக், பாரிஸில் டெக்ஸ்வேர்ல்டு, மிஷின் பார்க்க நாலு வருஷத்துக்கு ஒருதரம் ஐ.டி.எம்.ஏ. என்று ஊரே பெட்டி கட்டும். 2023 ஜூனில் ஐ.டி.எம்.ஏ. மிலானில் நடந்தபோது, எங்கள் தெருவிலிருந்து மட்டும் மூன்று பேர் போய்வந்தார்கள். திரும்பி வந்ததும் ஒரு மாசத்துக்கு நிட்டிங் மிஷினைத் தவிர வேறு பேச்சே இல்லை.

நானும் இப்போது பெட்டி கட்டப்போகிறேன். ஆனால் பனியனுக்கு இல்லை, சென்ட்டுக்கு! துபாயில் 'பியூட்டிவேர்ல்டு மிடில் ஈஸ்ட்' என்று ஒரு பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும். அதில் வாசனைத் திரவியங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. சேதி கேட்ட என் மனைவி, "ஏனுங்க, பனியன் ஊருல இருந்துட்டு உங்களுக்கெதுக்கு சென்ட்டுக் கடை?" என்றாள். நியாயமான கேள்விதான்.

காரணம் என் நண்பர், நைட்வேர் ஏற்றுமதி செய்கிறவர். அவருடைய பையர் ஒருவர், துணியிலேயே லாவண்டர் வாசம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளுக்குள் வாசனை எண்ணெயை அடைத்து, பைண்டர் போட்டுத் துணியில் ஒட்டவைக்கிற சமாச்சாரம் அது. உடம்பில் உரசும்போது உருண்டை உடைந்து வாசம் வரும். துவைக்கத் துவைக்கக் குறையும்.

"எத்தனை வாஷ் தாங்குமுன்னு கேக்கோணுமுங்ண்ணா. எனக்கு இங்கிலீஷுல விலை பேசத் தெரியும். வாசம் பேசத் தெரியாது. நீங்க வாங்க" என்றார். டிக்கெட் என் காசு என்ற நிபந்தனையோடு சரி என்றேன்.

எனக்கு மட்டும் வாசம் பேசத் தெரியுமா? நான் பி.காம். ஆனால் மூக்கு விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது.

என் அப்பா இருபத்தெட்டு வருஷம் சலவைப் பட்டறையில் வேலை பார்த்தார். ராத்திரி வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் நெடி நுழையும். அவர் ரிட்டயர் ஆகும் முன்பே அவர் மூக்கு ரிட்டயர் ஆகிவிட்டது. ரசம் தாளித்தாலும் தெரியாது, பால் அடிப்பிடித்தாலும் தெரியாது. சாயங்காலம் அம்மா தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வருவாள். "பூ வெச்சிருக்கியா?" என்று கண்ணால் பார்த்துத்தான் கேட்பார். பட்டறைச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அந்தச் சம்பளத்துக்கு அவர் கொடுத்த விலை, எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

அந்த மல்லிகை வந்தது சத்தியமங்கலத்திலிருந்து. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விடியும் முன்பே மொட்டாகப் பறித்துவிடுவார்கள். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும். வரத்து கூடின நாளில் கேட்பாரில்லை. அப்போது கைகொடுப்பது 'சென்ட் ஃபேக்டரி'. அங்கே மொட்டை உடனே கொதிகலனில் கொட்டிவிட மாட்டார்கள். சாயங்காலம் அது விரியும்வரை காத்திருப்பார்கள். விரியும்போதுதானே மல்லிகை மணக்கும்! பிறகு ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு மாதிரி ஒன்றை எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் 'கான்க்ரீட்'. அதை ஆல்கஹாலில் அலசினால் கிடைப்பது 'அப்சல்யூட்'. ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ வேண்டும். தமிழ்நாட்டு மல்லிகை இப்படிச் சுண்டிப்போய்த்தான் பிரான்ஸின் பெரிய பெரிய வாசனைக் கம்பெனிகளுக்குப் போய்ச் சேருகிறது.

பிரான்ஸ் என்றதும் கிராஸ் என்ற ஊரைச் சொல்லியாக வேண்டும். வாசனை உலகத்தின் தலைநகரம். 1921ல் வந்த 'ஷனெல் நம்பர் 5'க்கு மல்லிகை கொடுத்த ஊர். அங்கே வாசனைத் தயாரிப்பை ஒட்டிய கலைகளை, மனிதகுலத்தின் பாரம்பரியம் என்று யுனெஸ்கோ 2018ல் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஆதியில் கிராஸ் எதற்குப் பெயர் போனது தெரியுமா? தோல் பதனிடுவதற்கு! ஊரே நாறும். அங்கே தைத்த தோல் கையுறையும் நாறும். அந்த நாற்றத்தை மறைக்கத்தான் கையுறைக்கு வாசனை ஏற்ற ஆரம்பித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அரண்மனைச் சீமாட்டிகளிடம் அது ஃபேஷன் ஆனது. பிற்பாடு தோலுக்கு வரி ஏறியது, போட்டியும் வந்தது, கையுறைத் தொழில் படுத்துவிட்டது. வாசனை மட்டும் நின்றது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று படித்தது ஞாபகம் வருகிறது. ஒரு ஊரின் பை-ப்ராடக்டே அதன் முதலாக மாறிய கதை இது.

படித்தபோது எனக்கு நொய்யல் நினைவுக்கு வந்தது. பாசனத்துக்காக 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில், எங்கள் சாயக்கழிவு போய்த் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. செலவு கையைக் கடித்தாலும் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது மறுபடி வயிற்றில் புளி கரைத்தது. நாற்றமும் பார்த்தாச்சு, வரியும் பார்த்தாச்சு. கிராஸ் கண்டுபிடித்த அந்த மூன்றாவது விஷயம் நமக்கு எது? துபாயில் என் கண் அதைத்தான் தேடும்.

இன்னொன்றும் தேடும். நம் பனியனில் வெளிநாட்டு பிராண்டின் பெயர் பெரிதாக இருக்கும். 'மேட் இன் இந்தியா' உள்ளே மடிப்பில் ஒளிந்திருக்கும். திருப்பூர் என்ற பெயரோ மருந்துக்கும் இருக்காது. மல்லிகைக்கும் இதே கதிதானா? ஏதாவது ஒரு குப்பியில், ஒரு அட்டையில், 'சத்தியமங்கலம்' என்று ஒரு வரி இருக்குமா? ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்கிக் கேட்கப்போகிறேன்.

நண்பரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"கேளுங்ண்ணா. ஊரு பேரைப் போட்டாத்தான், அடுத்த தடவை நாம வெலையைக் கூட்டிக் கேக்க முடியும்!"