கடலுக்கடியில் பாரிஸ் பயணம்

லண்டனில் தங்கை வீட்டிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ் போய் வந்தோம். இரண்டேகால் மணி நேரம்தான். 1994ல் திறந்த 50 கிலோமீட்டர் சுரங்கத்தில், கடலுக்கடியில் மட்டும் 38 கிலோமீட்டர்! ஜன்னலில் ஒரே இருட்டு.

டிக்கெட் விலை ஒரே மாதிரி இருக்காது. இடம் நிரம்ப நிரம்ப ஏறும். தேதி முடிவானதுமே வாங்குவது லாபம்.

நாலு வயசுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் தனி இடமும் கிடையாது. மூணு வயசுப் பையனை மடியில் வைத்துக் கொள்கிறேன் என்றாள் தங்கை. அவளுக்கோ ஏழாம் மாதம்! "மடி எங்கேடி இருக்கு?" என்று அதட்டி, சிறுவர் டிக்கெட் எடுத்தேன். பையன் நிம்மதியாய்த் தூங்கினான், அவளும்தான்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா அவசியம், சகோதரிகளே! லண்டன் ஸ்டேஷனிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பார்த்துவிடுவார்கள். அது இல்லாமல், டிக்கெட் இருந்தும் ஏற முடியாது.