உறைக்குள் உறை

விலங்கியல் மாணவர்களைத் திணறடிக்கும் சொற்கள் ஆறு உண்டு: எபிமைசியம், பெரிமைசியம், எண்டோமைசியம், எபிநியூரியம், பெரிநியூரியம், எண்டோநியூரியம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இவற்றுக்கு வீட்டில் யாரிடம் பொருள் கேட்பது? ஆயினும் விளக்கம் எங்கள் தறிக்கூடத்திலேயே இருந்தது!

ஈரோட்டு நண்பர்களுக்கு நூலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இழைகள் சேர்ந்தது சிட்டம். சிட்டங்கள் சேர்ந்தது கட்டு. தசையும் அப்படித்தான். தனித்தனி இழையைப் போர்த்துவது எண்டோமைசியம். இழைக்கற்றையைப் போர்த்துவது பெரிமைசியம். தசை முழுவதையும் போர்த்துவது எபிமைசியம். நரம்பிலும் இதே மூன்று அடுக்குகள். கிரேக்க மொழியில் ‘எண்டோ’ என்றால் உள்ளே, ‘பெரி’ என்றால் சுற்றி, ‘எபி’ என்றால் மேலே. அகவுறை, கற்றையுறை, மேலுறை என்று நாம் சொன்னால் ஆறு சொற்களும் மூன்றாகச் சுருங்கிவிடுகின்றன.

இது தேர்வுக்கு மட்டும் உதவும் செய்தியன்று. சென்ற ஆண்டு சன்னல் கண்ணாடி கிழித்து என் தந்தையின் மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. “எபிநியூரியத்தைத் தைத்திருக்கிறோம்” என்றார் மருத்துவர். வாரங்கள் கடந்தும் சுட்டுவிரலில் உணர்வில்லை. “ஏங்கண்ணு, இனி தறியில உக்கார முடியாதா?” என்று அப்பா கேட்டார்.

“மேலுறையைத்தான் தைச்சிருக்காங்கப்பா. அதுக்கு அப்பால அகவுறை குழாயாட்டம் இருக்குது. நரம்பிழை அதுக்குள்ள நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும்” என்றேன். அப்பா மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை நாடாவால் அளந்தார்: 18 செ.மீ. “அப்ப ஆறு மாசமாச்சும் பொறுக்கோணும்” என்றார். அன்று முதல் அவர் முகம் தெளிந்தது. எட்டாம் மாதத்தில் விரலில் இழை தட்டுப்பட்டது. பழைய வேகம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் தறி ஓடுகிறது.

தமிழில் உடற்கூறு சொல்ல முடியுமா என ஐயுறுவோர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; நூல்களையும் தமிழாக்கினார். நம் கொங்கு மண்ணிலும் 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப் படிப்பு சோதனை முறையில் தொடங்கிற்று.

ஆங்கிலச் சொற்களை நாம் கைவிட வேண்டாம். மேற்படிப்புக்கு அவை தேவை. அவற்றோடு தமிழ்ச் சொல்லையும் சேர்த்தே கற்போம். நம் விலங்கியல் மன்றம் ஆண்டுக்கு நூறு சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் தயாரிக்கலாமே! பேராசிரியப் பெருமக்கள் திருத்தித் தரட்டும். படித்ததை வீட்டில் பெற்றோருக்கு விளக்கும் அன்றுதான் நாம் பட்டதாரிகள்.