ஒதுக்கியது நமக்கு, திரும்பியது கருவூலத்துக்கு

மார்ச் மாதம் வந்தாலே எங்களுக்கு ஒரு விடுதியின் கழிப்பறைதான் நினைவுக்கு வரும். கதவு இல்லை, தண்ணீர் இல்லை. மாணவர்களோடு மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்று முறையும் ஒரே பதில்: "ஃபண்ட் இல்லப்பா." தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது உண்மை வெளியே வந்தது. நிதி ஒதுக்கப்பட்டிருந்தது, செலவு செய்யாமல் ஆண்டு முடிவில் திருப்பி ஒப்படைத்துவிட்டார்கள்.

"இது சட்டவிரோதம் இல்லையா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. அதன்பிறகுதான் அரசியலமைப்பின் நிதிப் பிரிவுகளை உட்கார்ந்து படித்தோம்.

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்க முடியாது என்கிறது பிரிவு 265. தொழில்வரியை ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று தொகையையே குறிப்பிடுகிறது பிரிவு 276. சட்டப்படி அன்றி மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியாது என்கிறது பிரிவு 266. அதனால்தான் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளும் நிதி ஒதுக்கச் சட்டமும் பேரவைக்கு வருகின்றன.

இவை எல்லாம் தேவையான கடிவாளங்கள். ஆனால் நிதி ஒதுக்கச் சட்டம் சொல்வது, 'இதற்கு மேல் செலவழிக்காதே' என்பதுதான். 'இவ்வளவையும் செலவழித்தே ஆக வேண்டும்' என்று அது சொல்வதில்லை. உச்சவரம்பு உண்டு, கீழ்வரம்பு இல்லை. நம் பணம் ஒழுகிப்போவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

கீழ்வரம்பு எழுத அரசியலமைப்புக்குத் தெரியாதா? தெரியும். பிரிவு 290அ-வைப் படியுங்கள். 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் மாநிலத்தோடு இணைந்த பகுதிகளின் கோயில்களைப் பராமரிக்க, தமிழ்நாடு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் கொடுத்தாக வேண்டும். அதைப் பேரவையின் வாக்கெடுப்புக்கு விடுவதுகூட இல்லை. காரணமும் உண்டு: கோயில் நிலங்களை அன்றைய சமஸ்தானம் எடுத்துக்கொண்டதற்கான ஈடு அது. சரி, ஏற்கிறோம். 1892 முதல் நமக்கென்று கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும்தான் பறிபோயின. அதற்கான ஈடு எந்தப் பிரிவில் இருக்கிறது?

சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வரி கட்டும் நம்மைப் பார்த்து "எங்க வரிப்பணத்துல படிக்கிறீங்க" என்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது நம் காசுக்குச் சாதி இல்லை; கொடுக்கும்போதுதான் கோப்பு நகர மறுக்கிறது.

தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காடு பட்டியலினத்தவர் என்பது 2011 கணக்கெடுப்பு. மக்கள்தொகைக்கு ஏற்ற நிதி என்பது சிறப்பு உட்கூறுத் திட்டக் காலத்திலிருந்தே பேசப்படுவது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2024-இல் பேரவை அதற்குத் தனிச்சட்டம் இயற்றியது. அது நம் வெற்றி. ஆனால் ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. செலவாகாத ஒவ்வொரு ரூபாய்க்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியை நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாக்கெடுப்புக்கு உட்படாத செலவாக ஒன்றை அறிவிக்கும் அதிகாரத்தைப் பிரிவு 202 மாநிலச் சட்டமன்றத்துக்கும் தருகிறது. ஆகவே, "வழியில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

தம்பி, தங்கைகளே, பட்ஜெட் உரையில் வரும் பெரிய எண்ணைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பின்னால் தணிக்கைத் துறை வெளியிடும் நிதி ஒதுக்கக் கணக்குகளைத் தேடிப் படியுங்கள். எவ்வளவு திரும்பிப் போனது என்பது அங்கேதான் இருக்கும். மாகாண நிதியைப் பற்றி 1925-லேயே தனி நூல் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். கணக்குப் பார்ப்பது அவர் நமக்குக் காட்டிய போராட்ட வழிதான்.

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறோம்: இது சட்டவிரோதம் இல்லையடா. அதுதான் பிரச்சினையே. மாற்ற வேண்டியது அதைத்தான்.

ஜெய்பீம்.