அரைப்படி

காசோலை இப்போது ஊர் விட்டு ஊர் போவதில்லை. டில்லியில் 2008லும் சென்னையில் 2011லும் தொடங்கிய ஏற்பாட்டின்படி தாள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதன் பிம்பம் போய்ப் பணத்தைக் கொண்டுவருகிறது. கடலூரில் ஒரு வங்கியில் உட்கார்ந்து இந்தப் பிம்பங்களை எடுப்பதில் என் பகல்கள் கழிகின்றன. ஸ்கேனர் மேல் எனக்கு ஏற்பட்ட மோகத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வீட்டில் இருப்பது மலிவான ரகம். கண்ணாடியைத் தொடுவதை மட்டும் கூர்மையாகப் பார்க்கும். அரை அங்குலம் தள்ளியிருந்தால் மங்கல். மூடியைத் திறந்துவைத்தால் பின்னால் ஒரே கறுப்பு. (சிதம்பரத்துப் பக்கத்து ஆள் வெறுமையைப் பற்றி எழுதினால் ரகசியத்தையும் திரையையும் இழுத்துவிடுவான் என்று எதிர்பார்ப்பார்கள். நான் இழுக்கப்போவதில்லை.) சீப்பு, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி என்று அகப்பட்டதையெல்லாம் ஸ்கேன் செய்து, கணினியில் இழுத்துத் திரித்து, அச்செடுத்துப் பெட்டி அட்டையில் ஒட்டி, வெட்டி நிமிர்த்துவேன். வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மைக்கு மண் பிசைவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மண் சொன்னபடி கேட்கும். அட்டை கேட்காது. உள்ளே நெளி ஓடும் திசையில் மடங்கும், குறுக்கே மடக்கினால் உடையும். பிக்காஸோ 1912ல் அட்டையில் ஒரு கிதார் செய்துவிட்டு 1914ல் அதையே தகட்டில் செய்தார். அட்டைதான் மேல் என்பது என் கட்சி. தாமஸ் டிமாண்ட் என்ற ஜெர்மானியர் புகைப்படத்தைப் பார்த்துக் காகிதத்தில் முழு அறையையே கட்டி, அதைப் படமெடுத்துவிட்டு அழித்துவிடுகிறார். எனக்கு அழிக்க மனம் வராது. வைக்க இடமும் இல்லை.

அப்பா போன பிறகு பாத்திரங்களைப் பிரித்தபோது பித்தளை அரைப்படி அண்ணன் பங்காகச் சிதம்பரம் போயிற்று. முந்தின இரவு அதைக் கண்ணாடி மேல் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி 16 தடவை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன். பட்டைகளை ஒட்டவைத்து, இரு மடங்காக்கி, அட்டையில் நிறுத்தினேன். நன்றாகவே வந்திருந்தது.

"என்னடா இது?" என்றாள் அம்மா.

"நம்ம அரைப்படி."

"எவ்வளவு பிடிக்கும்?"

நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கு என்றால் கொள்ளளவு எட்டு மடங்கு. "நாலு படி" என்றேன்.

சுற்றி வந்து பார்த்தாள். "நம்மது இல்லே. அந்த நசுங்கல் எங்கே?"

ஒரு பட்டையில் மங்கலாக ஒரு நிழல் இருந்தது உண்மை. குழிந்த இடம் கண்ணாடியைத் தொடவில்லை, அவ்வளவுதான். இயந்திரத்தின் கோளாறு என்று நினைத்து, பக்கத்துப் பித்தளையை அதன் மேல் பூசியிருந்தேன். மூலக் கோப்பின் மேலேயே சேமித்தும் தொலைத்திருந்தேன்.

அதை நசுக்கியவன் நான். ஒன்பது வயதில் அண்ணன் மேல் வீசினேன். அவன் குனிந்துகொண்டான், சுவர் வாங்கிக்கொண்டது. சத்தம் கேட்டு வந்த அப்பா அடித்தது அண்ணனை. நான் வாய் திறக்கவில்லை.

பிரதி எடுப்பது கலையல்ல, விலக்குவதிலும் திரிப்பதிலும்தான் கலைஞன் தெரிகிறான் என்று யதார்த்தவாதிகளோடு இதே பக்கங்களில் ஓயாமல் சண்டை போட்டவன் நான். அதில் ஒரு வரியையும் மாற்றிக்கொள்ள உத்தேசமில்லை. ஆனால் என் கை எதைப் போய் விலக்கியிருக்கிறது என்பதை அம்மா சொல்ல வேண்டியிருந்தது.

போன ஞாயிறு சிதம்பரம் போனேன். அண்ணி அந்தப் படியில்தான் அரிசி அளந்துகொண்டிருந்தாள். ஒரு வாரம் இரவல் கேட்டேன்.

"அதான் அன்னிக்கே எடுத்தியே" என்றான் அண்ணன்.

"சரியா விழலே."

படியைக் கையில் வாங்கியதும் கட்டைவிரல் நேராகக் குழியில் போய் உட்கார்ந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எப்படி ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

தினசரித்தாள் ஒன்று எடுத்துப் படியைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.