முகத்துவாரத்தில் நாளும் கிழமையும்

சென்னை மாநகரின் வடகோடியை நோக்கிச் செல்வோர் முதலில் காண்பது இராயபுரம். ராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த புனித பேதுருவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்ட நிலையமும் அங்கேதான் உள்ளது. அதனைக் கடந்து, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று கடலோரமாகவே வடக்கே சென்றால் எண்ணூர் வருகின்றது. எண்ணூரின் எல்லையில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்திருக்கின்றது முகத்துவாரக்குப்பம். ஆறு கடலைச் சேரும் வாயிலே முகத்துவாரம். அவ்வாயிலில் குடியிருப்போரின் ஊருக்கு அதுவே பெயராயிற்று.

அண்மையில் இவ்வூருக்குச் சென்று திரும்பினோம். ஒருபுறம் அலைகடல், மறுபுறம் கழிமுகம், நடுவே படகுகளும் வலைகளும் வீடுகளும். ஆற்றின் அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமாகத் தொடங்கி, 2014-இல் காமராசர் பெயரைப் பெற்ற பெருந்துறைமுகமும் அப்பக்கமே உள்ளது. கப்பல்களுக்குக் கடிகாரமும் கால அட்டவணையும் உண்டு. கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடிப்போர்க்கோ அமாவாசையும் பௌர்ணமியும், நீரின் ஏற்றமும் இறக்கமுமே நாள்காட்டி.

ஆயினும் இம்மக்கள் தேதியோடு மறவாது சொல்லும் நாள்கள் மூன்று உண்டு. ஆழிப்பேரலை எழுந்த 26.12.2004 ஒன்று. துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவிய 28.1.2017 மற்றொன்று. மிக்ஜாம் புயல் மழையின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் இக்கழிமுகத்தில் புகுந்து, படகையும் வலையையும் கறுப்பாக்கிய 4.12.2023 மூன்றாவது. வாசகர்கள் இம்மூன்று தேதிகளையும் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

நாம் சந்தித்த இல்லங்களுள் ஒன்றில் கணவரை இழந்த தாய் ஒருவர் தம் அனுபவத்தைக் கூறினார். அவருடைய கணவர் சில ஆண்டுகளுக்கு முன் செப்டம்பர் 5 அன்று இறந்தார். உயிரோடிருந்தபோது தவறாமல் காப்பீட்டுச் சந்தா செலுத்தி வந்தவர் அவர். உரிய தொகையைக் கோருவதற்காக அத்தாய், கணினி வைத்திருக்கும் கடை ஒன்றிற்குச் சென்றார். அங்கிருந்த இளைஞர் இறப்புச் சான்றிதழைப் பார்த்து 05/09 என்று பதிவு செய்தார். கணினி ஏற்றுக்கொண்டது. அடுத்துப் பிறந்த தேதியை 23/04/1961 என்று பதிந்தார். உடனே சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ‘இன்வாலிட் டேட்’ என்று வந்தது. ‘செல்லாத தேதி’ என்பது அதன் பொருள்.

“அவரு பொறந்த நாளு செல்லாதாமே, தம்பி?” என்று அத்தாய் கேட்டாராம்.

இளைஞர் கெட்டிக்காரர். அந்தப் படிவம் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் கேட்கின்றது என்று கண்டுகொண்டு, 04/23/1961 என்று மாற்றினார். படிவம் நிறைவுற்றது. எது மறுக்கப்பட்டதோ அதனை மட்டுமே அவர் திருத்தினார். மறுப்பின்றி உள்ளே சென்ற 05/09 அப்படியே நின்றது. கணினியின் கணக்கில் அது மே 9 ஆகிவிட்டது.

மாதங்கள் சென்றன. ‘தரவுப் பொருத்தமின்மை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்னும் செய்தி ஒரு நீண்ட எண்ணோடு கைப்பேசிக்கு வந்தது. எந்தத் தரவு, எதனோடு பொருந்தவில்லை, இனி யாது செய்வது என்பதற்கு ஒரு சொல்லும் அதில் இல்லை. உண்மை யாதெனில், மே மாதத்தில் இறந்ததாகப் பதிவான ஒருவர் ஜூலையில் சந்தா செலுத்தியிருக்கின்றார் என்பதே கணினிக்கு எழுந்த ஐயம்! அத்தாய் இருமுறை அலுவலகத்திற்கு நடந்தார். மூன்றாம் முறை எழுத்தர் ஒருவர் தாளை வாய்விட்டுப் படித்தபோது, உடன் சென்ற மகள், “அப்பா மே மாசம் இறக்கலையே, சார், செப்டம்பர்லதானே!” என்றாள். அந்த ஒரு வார்த்தையால் முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் அதற்குள் வட்டிக்கு வாங்கிய கடன் வளர்ந்திருந்தது; மகளின் கல்லூரிச் சேர்க்கையும் ஓராண்டு தள்ளிப்போயிருந்தது.

இக்குழப்பத்தின் வேர் எளியது. நாமும் ஆங்கிலேயரும் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகின்றோம். அமெரிக்கர் மாதம், நாள், ஆண்டு என்று எழுதுகின்றனர். சீனரும் ஜப்பானியரும் ஆண்டை முதலில் வைக்கின்றனர். நாளின் எண் 12-க்கு மேற்பட்டால் மயக்கம் இல்லை. பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இல்லையே! 12-க்கு உட்பட்டாலோ எப்படியும் படிக்கலாம். 12 மாதங்களிலும் முதல் 12 நாள்களைக் கூட்டினால் 144. நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் 12 நாள்களைக் கழித்தால் 132. ஆக, ஆண்டொன்றில் 132 நாள்கள் இரு பொருள் தருவனவாக உள்ளன.

இப்போது அம்மூன்று தேதிகளுக்கு வருவோம். மாதத்தை முதலில் கேட்கும் கணினியில் 26.12.2004 என்றோ 28.1.2017 என்றோ நம் வழக்கப்படி பதிந்தால், அது பிழை என்று மறுக்கும். நமக்கு எரிச்சல் வரும். ஆனால் இழப்பு வராது. 4.12.2023-ஐயோ அது முணுமுணுக்காமல் ஏற்று, ஏப்ரல் 12 என்று எழுதிக்கொள்ளும். புயலடித்த நாள் கோடைக்கு நகர்ந்துவிடும்! கணினி மறுப்பதைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம்; அது பேசாமல் ஏற்றுக்கொள்வதைக் கண்டன்றோ அஞ்ச வேண்டும்?

கற்றறிந்தோரும் இதற்குத் தப்பவில்லை. மனித மரபணுக்களுள் சிலவற்றிற்கு மார்ச் 1, செப்ட் 1 என்பன போன்ற குறியீடுகள் இருந்தன. எக்செல் என்னும் கணக்கேட்டு மென்பொருள் அவற்றைத் தேதிகள் என்று கருதித் தானாகவே மாற்றிவந்தது. ஆய்வுக் கட்டுரைகளிலும் பிழைகள் புகுந்தன. முடிவில், 2020-இல், அம்மரபணுக்களின் பெயர்களையே அறிவியலார் மாற்றினர்.

திருச்சபையின் ஏடுகளும் இதற்கு விலக்கல்ல. பழைய இலத்தீன் திருமுழுக்குப் பதிவேடுகளில் 7பிரிஸ் என்று எழுதியிருந்தால் அது ஜூலை அன்று, செப்டம்பர். பண்டை உரோமையர் மார்ச் மாதத்திலிருந்து எண்ணியதால் செப்டம்பர் ஏழாம் மாதமாயிற்று. அவ்வாறே 8பிரிஸ் அக்டோபர், 9பிரிஸ் நவம்பர், 10பிரிஸ் டிசம்பர். மூதாதையரின் பிறப்பைத் தேடுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

அதனினும் பெரிய மாற்றம் 1582-இல் நிகழ்ந்தது. நாள்காட்டியைத் திருத்திய திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார், அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று எண்ணுமாறு பணித்தார். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் இறைவனடி சேர்ந்தது அவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட இரவிலேயே. அதனால்தான் அவர் திருநாள் அக்டோபர் 15-இல் வருகின்றது. ஒரே இரவில் பத்து நாள்கள் மறைந்தன. ஆனால் எந்தப் பத்து நாள்கள், என்ன காரணத்தால் என்பது அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ஆணையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. முகத்துவாரக்குப்பத்துத் தாய்க்கு வந்த செய்தியில் அத்தகைய விளக்கம் ஒரு வரியேனும் இருந்திருந்தால், அவர் மூன்று முறை நடந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து உண்டு. உலகத் தரநிலை நிறுவனம் 1988-இல் ஒரு முறையை வகுத்தது. அதன்படி முதலில் நான்கு இலக்க ஆண்டு, பின்னர் மாதம், பின்னர் நாள்: 2023-12-04. இதில் மயக்கத்திற்கு இடமில்லை. நம் கையால் எழுதும்போது அதனினும் எளிய வழி, மாதத்தை எழுத்தால் எழுதுவது. ‘5 செப்டம்பர்’ என்பதை எவரும் மே என்று படியார். படிவத்தைப் பிறர் பதிவு செய்யும்போது, இறுதியில் ஒவ்வொரு தேதியையும் மாதப் பெயரோடு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு தேதி மறுக்கப்பட்டால், மற்றத் தேதிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். பதிவின் படியொன்றை வாங்கி, சான்றிதழ்களோடு பத்திரப்படுத்த வேண்டும்.

மென்பொருள் எழுதும் பணியில் இன்று நம் பங்குகளின் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கும் ஒன்று சொல்வோம். ‘செல்லாத தேதி’ என்று எழுதாதீர்கள். எந்தக் கட்டத்தில் பிழை, எவ்வாறு எழுத வேண்டும் என்பதைத் தமிழில், ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள். மாதத்தைப் பெயரால் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுங்கள். அது உங்களுக்கு அரைமணி நேர வேலை. படிவத்தின் முன் அமர்ந்திருக்கும் ஓர் ஏழைக் குடும்பத்திற்கோ அது பல மாதங்களின் அலைச்சலைத் தவிர்க்கும்.

மேலும், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கணினி அறிந்த இளைஞர் இருவர் ஒரு மணி நேரம் பங்கு மன்றத்தில் அமர்ந்து, முதியோரின் படிவங்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை, பொறுமை போதும். மீனவக் குப்பங்களை உடைய ஒவ்வொரு பங்கும் இதனை வரும் மாதமே தொடங்கலாம் என்பது நம் விண்ணப்பம்.