தீ வைத்து வளர்க்கும் புல்வெளி

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர் மேடிசன். அங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு, விங்ரா ஏரியை ஒட்டி ஒரு மரப்பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 1,200 ஏக்கர். ‘ஆர்போரீட்டம்’ என்று சொல்கிறார்கள். பெயரில் மரம் இருந்தாலும், விவசாயிகள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அங்குள்ள புல்வெளியை. மகள் குடும்பம் அந்த ஊரில் இருப்பதால், ஏப்ரல், மே மாதங்களில் பலமுறை அங்கே போய்ப் பார்க்க முடிந்தது.

மேடிசனில் குளிர்காலம் நான்கைந்து மாதம். மார்ச் மாதவாக்கில்தான் பனி உருகி மண் கண்ணில் படும். தெற்கே போயிருந்த பெரிய கொக்குகள் கூட்டமாகத் திரும்பி வரும். அப்போதிருந்து வார இறுதி நாட்களில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் மக்களை இலவசமாக அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களும் உண்டு, கைத்தடியோடு வரும் பெரியவர்களும் உண்டு. யாருக்கும் அவசரமில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்று, குனிந்து, தரையைப் பார்க்கிறார்கள்.

தரையில்தான் விஷயமே இருக்கிறது. ஓக் மரங்கள் இலை விட்டால் அடியில் நிழல் கட்டிவிடும். அதற்கு முந்தைய சில வாரங்களில் விழும் வெயிலை வைத்தே சின்னச் செடிகள் பூத்து விடுகின்றன. வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடியின் தண்டைக் கிள்ளினால் ரத்தம் போலச் சாறு வருகிறது. அதன் விதைகளை எறும்புகள் இழுத்துப் போய்ப் பரப்புகின்றனவாம். மூன்று இலை, மூன்று இதழ் கொண்ட டிரில்லியம் என்ற செடி, விதையிலிருந்து முதல் பூ விட ஏழு ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல் ஆகும். பாதையை விட்டு யாரும் கால் வைக்காததற்கு அதுவே காரணம்.

கலப்பை எடுத்ததைக் கை திருப்பித் தந்தது

விஸ்கான்சினின் தென்பகுதியில் ஒருகாலத்தில் ‘பிரெய்ரி’ எனப்படும் புல்வெளிகள் லட்சக்கணக்கான ஏக்கரில் இருந்தன. ஆளுயரப் புல். அதன் வேரும் அதே ஆழத்துக்கு இறங்கும். ஆண்டாண்டாக அந்த வேர்கள் மட்கியதால் மண் கறுத்து வளமானது. குடியேறியவர்கள் அதை உழுது பயிரிட்டார்கள். இன்று அந்தப் புல்வெளிகளில் நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

மரப்பூங்கா இருக்கும் இடமும் முன்பு வயலும் மேய்ச்சல் நிலமும்தான். 1934-ல் பூங்கா திறக்கப்பட்டபோது, அதன் ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்ற ஆல்டோ லியோபோல்ட் போன்றவர்கள், மரம் நட்டால் மட்டும் போதாது, இந்த மண்ணில் முன்பு இருந்ததையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணினார்கள். அது அமெரிக்காவின் நடுச் சமவெளியில், உழுது போட்ட மண் புழுதிப் புயலாகப் பறந்துகொண்டிருந்த காலம். வேலையில்லா இளைஞர்களுக்காக அரசு நடத்திய முகாம் ஒன்று 1935 முதல் 1941 வரை இங்கே இருந்தது. மிச்சமிருந்த புல்வெளிகளிலிருந்து புல்லை வேர் மண்ணோடு பெயர்த்து வந்து அவர்கள் நட்டார்கள். விதையும் தூவினார்கள். அந்த இடம்தான் இன்று ‘கர்ட்டிஸ் பிரெய்ரி’. சுமார் 70 ஏக்கர். மனிதர்கள் மீட்டெடுத்த புல்வெளிகளில் உலகிலேயே பழமையானது இதுதான் என்கிறார்கள்.

நட்டால் மட்டும் வந்துவிடவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மேய்ச்சல் புல் அதை அமுக்கியது. 1940-களில் ஜான் கர்ட்டிஸ் என்ற தாவரவியல் ஆசிரியர் தீ வைத்துச் சோதித்துப் பார்த்தார். வந்தேறிப் புல் குளிர் விலகியதுமே துளிர்க்கும். அந்த நேரத்தில் தீ வைத்தால் அது கருகும். மண்ணின் சொந்தப் புல்லோ அப்போது வேரில் உறங்கிக்கொண்டிருக்கும். கருகிய தரை வெயிலில் சீக்கிரம் சூடாவதால், இது முந்திக்கொண்டு கிளம்பும். இன்றும் பயிற்சி பெற்ற ஆட்கள், காற்றின் திசை பார்த்து, பகுதி பகுதியாகத் தீ வைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் வயலில் தாளைக் கொளுத்திவிட வேண்டாம். அங்கே எரிவது பல்லாண்டுப் புல்லின் காய்ந்த மேல்பாகம். அதன் செல்வம் மண்ணுக்கடியில் இருக்கிறது. நமக்கோ அறுத்த தாள்தான் அடுத்த போகத்துக்கு மட்கு.

வெள்ளாமை இல்லாத களையெடுப்பு

சனிக்கிழமை காலைகளில் தன்னார்வலர்கள் வேலைக்குக் கூடுகிறார்கள். கூலி கிடையாது. கருவிகளைப் பூங்காவே தருகிறது. வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள்.

வசந்தகாலத்தில் முக்கிய வேலை, பூண்டு வாசம் அடிக்கும் கடுகு இனக் களை ஒன்றைப் பிடுங்குவது. ஐரோப்பியர்கள் கீரைக்காகவும் மருந்துக்காகவும் கொண்டுவந்த செடி. பூக்கும்போதே வேரோடு பிடுங்கி, மூட்டை கட்டி அப்புறப்படுத்துகிறார்கள். காய் முற்றவிட்டால் விதை மண்ணில் பல ஆண்டுகள் முளைப்புத் திறனோடு கிடக்கும். இன்னொரு எதிரி பக்தார்ன் என்ற புதர். வேலிக்காகக் கொண்டுவந்தது, பறவைகள் பழம் தின்று காடெங்கும் பரப்பிவிட்டன. நம் சீமைக் கருவேலத்தின் கதையேதான்.

நமக்கு ஆச்சரியமான செய்தி மண்புழு பற்றியது. பனியாறு மூடிக் கிடந்த அந்தக் காடுகளில், ஐரோப்பியர் வரும்வரை மண்புழுவே இல்லை. இலைச்சருகு மெதுவாக மட்கும் மண்ணுக்கு ஏற்பவே அங்குள்ள செடிகள் பழகியவை. 2013-ல் ஆசியாவைச் சேர்ந்த ‘குதிக்கும் மண்புழு’ இந்தப் பூங்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது சருகையெல்லாம் தின்று, மேல்மண்ணைக் காப்பித்தூள் மாதிரி உதிரியாக்கிவிடுகிறது. அதனால் காலணியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போதும் அப்படியே. நமக்கு உழவனின் நண்பனான புழு அங்கே விருந்தாளியாக வந்து வீட்டையே காலி செய்கிறது. எந்த உயிரும் எந்த மண்ணில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒரு புல்வெளியை உழ ஒரு வசந்தகாலம் போதும். அதை மீட்க 90 ஆண்டுகள் ஆகியும், கைவிட்டால் சில ஆண்டுகளிலேயே புதர் மண்டிவிடும் என்ற நிலைதான். பணக்கார நாடு, பல்கலைக்கழகம், கூலி வாங்காத கைகள் எல்லாம் இருந்தும் இந்தப் பாடு.

நம் ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கும் ஏரிக்கரைப் புல்லும் இன்னும் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன. அவற்றை உழாமல், கொட்டாமல் விடுவதற்குச் செலவே இல்லை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கலாம். வேறு ஊர் வயலில் ஓட்டிய டிராக்டர் நம் வயலில் இறங்குவதற்கு முன் கலப்பை மண்ணைக் கழுவச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், ஊர்ப் பெரியவர் ஒருவரை விட்டு ஒவ்வொரு புல்லின் பெயரையும் சொல்லித்தரச் செய்யலாம். பெயர் தெரிந்த செடியைப் பிடுங்கும் முன் பிள்ளைகள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.