கலப்பைக் கம்பெனிக் கட்டடம்

எங்கப்பா உழுத கலப்பை ஒரு ராத்திரிகூட எங்க குடிசையில் இருந்ததில்லை. பொழுது சாய்ந்ததும் ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாத்திவிட்டுத்தான் சேரிக்கு வருவார். கை முழுக்க மேழி பிடித்த காய்ப்பு. ஆனால் கலப்பை அடுத்தவனுடையது, மாடும் அடுத்தவனுடையது. அதனால் அளந்து போட்ட நெல்தான் கூலி. அளவு சரியில்லை என்று வாய் திறந்தால் அதுவும் கிடையாது.

இதை நான் நினைத்துக்கொண்டு நின்ற இடம் எங்க ஊர் இல்லை. அமெரிக்காவில் டாலஸ் நகரம். பொண்ணு அங்கே வேலை பார்க்கிறாள். "கென்னடிய சுட்ட கட்டடம்ப்பா, வாங்க பாத்துட்டு வரலாம்" என்று கூட்டிப்போனாள். எல்ம் தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கிற முனை. ஏழு மாடி, சிவப்புச் செங்கல். எல்லோரும் ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே பதித்திருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இது கலப்பைக் கம்பெனியாமே!"

"அது எப்பவோப்பா" என்றாள்.

எப்பவோதான். இல்லினாய்ஸ் மாநிலத்து ராக் ஐலண்ட் கலப்பைக் கம்பெனி தன் டெக்சாஸ் கிளைக்காக 1898இல் கட்டியது. அப்போது ஐந்து மாடி. 1901இல் அது எரிந்துபோக, அதே இடத்தில் ஏழு மாடியாக எழுப்பினார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை. வடக்கேயிருந்து வரும் கலப்பைகள் இங்கே இறங்கி டெக்சாஸ் பருத்திக்காடுகளுக்குப் போயின.

அந்தக் காட்டை உழுதது யார்? 1865இல் அடிமைமுறை ஒழிந்தது, நிலம் கைமாறவில்லை. கறுப்பர்கள் பழைய எஜமானர்களின் நிலத்தையே வாரத்துக்கு உழுதார்கள். நிலமில்லாத வெள்ளைக்காரர்களும் நிறைய பேர் அப்படி உழுதார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். வாரக் கணக்கு இப்படி: கலப்பையும் கோவேறு கழுதையும் சொந்தமாக வைத்திருப்பவன் பருத்தியில் நாலில் ஒரு பங்கும் தானியத்தில் மூணில் ஒரு பங்கும் நிலக்காரனுக்குக் கொடுத்தால் போதும். வெறுங்கையோடு வருகிறவன் பாதியைக் கொடுக்க வேண்டும். மிச்சப் பாதியிலும் கடன் கணக்கைக் காட்டிப் பிடித்துக்கொள்வார்கள். கலப்பை யாருடையது என்பதில்தான் எல்லாமே இருந்தது. எங்கப்பாவுக்கு இதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அந்த முனையிலிருந்து ரெண்டு தெரு தள்ளி செங்கல்லையும் மிஞ்சின சிவப்பில் பழைய கோர்ட்டு கட்டடம் நிற்கிறது. 1910 மார்ச் 3ஆம் தேதி ஆலன் புரூக்ஸ் என்ற வயசான கறுப்பரை விசாரணைக்கு அங்கே கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்றைக் கெடுத்ததாகக் குற்றச்சாட்டு. விசாரணை நடக்கவேயில்லை. கும்பல் கோர்ட்டுக்குள் புகுந்து, கழுத்தில் கயிற்றைப் போட்டு, மாடி ஜன்னல் வழியாகக் கீழே இழுத்துத் தள்ளி, மெயின் தெருவோடு ஏக்கர்டு தெரு முனைவரை இழுத்துக்கொண்டு போய் டெலிபோன் கம்பத்தில் தொங்கவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் நின்று பார்த்தார்கள். போட்டோ பிடித்து தபால் கார்டாகவும் போட்டார்கள். கலப்பைக் கம்பெனி அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றது.

1937இல் ராக் ஐலண்ட் கம்பெனியை ஜே.ஐ. கேஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. கட்டடமும் கைமாறியது. பிறகு மளிகை மொத்த வியாபாரம். அப்புறம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகக் கிட்டங்கி. தனித்தனிப் பள்ளிக்கூடம் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1954இல் சொல்லியும், டாலஸில் வெள்ளைக்காரப் பள்ளிகளுக்குள் முதன்முதலாக 18 கறுப்புக் குழந்தைகள் நுழைந்தது 1961இல்தான்.

1963 நவம்பர் 22. ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து சுட்டார்கள், உலகத்துக்கே தெரியும். 1989இல் அந்த மாடியை மியூசியமாகத் திறந்தார்கள். டிக்கெட் எடுத்து மேலே போனோம். புத்தகப் பெட்டிகளை அன்று இருந்த மாதிரியே ஜன்னலோரம் அடுக்கி, கண்ணாடி போட்டு மூடியிருக்கிறது. எனக்கு அதைவிட அதற்குக் கீழே இருக்கிற ஐந்தாவது மாடிமேல்தான் நினைப்பு.

ஏனென்றால் அந்த நேரத்தில் நேர் கீழ் ஜன்னலில் மூணு கறுப்புத் தொழிலாளிகள் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனி ரே வில்லியம்ஸ், ஹெரால்ட் நார்மன், ஜேம்ஸ் ஜார்மன். பழைய தரையில் எண்ணெய் ஊறிப் புத்தகம் கெடுகிறது என்று மேலே பிளைவுட் பலகை அடிக்கிற வேலை நடந்தது. வில்லியம்ஸ் அந்த வேலையில் இருந்தவர். மத்தியானம் ஆறாவது மாடியிலேயே கோழிக்கறி தின்றுவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறார். அந்த எலும்பையும் காலி சோடா பாட்டிலையும் பார்த்துவிட்டு, சுட்டவன் தின்று போட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒரு கூலிக்காரன் சாப்பிட்ட சோறு என்று யாருக்கும் தோன்றவில்லை! வெடிச்சத்தத்தில் மேல்தளக் காரை உதிர்ந்து வில்லியம்ஸ் தலையில் விழுந்தது. தோட்டாக் கூடு ஒவ்வொன்றாக மேலே தரையில் விழுகிற சத்தத்தை நார்மன் கேட்டார். 1964இல் வாரன் கமிஷன் முன்னால் மூணு பேரும் சாட்சி சொன்னார்கள். சுட்ட இடம் இந்த ஜன்னல்தான் என்பதற்கு அவர்கள் காதும் ஒரு சாட்சி. அவர்கள் உட்கார்ந்திருந்த மாடியை யாரும் கண்ணாடி போட்டு வைக்கவில்லை.

வெளியே வந்ததும், "அந்தக் கம்பம் இருந்த எடத்தயும் பாத்துருவோம்மா" என்றேன். மெயின் தெருவோடு நடந்தோம். கும்பல் அவரை இழுத்துப்போன அதே வழி. கோர்ட்டிலிருந்து அரை மைல் இருக்கும். ஏக்கர்டு முனையில் ஆலன் புரூக்ஸுக்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள், 2021இல். நூற்றுப் பதினொரு வருஷம் கழித்து. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை.

பொண்ணு அவர் பேரைச் சத்தமாக ஒருதரம் படித்தாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த கறுப்பினத்து அம்மா ஒருத்தர் திரும்பி எங்களைப் பார்த்தார்.